இடது தோள்

பிப்ரவரி 17, திங்கட்கிழமை, காலை 10.52 மணி. நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில், ஐந்தாம் எண் அறையில், ஆறு வயது இரண்டு மாதம் ஆன ஒரு சிறுமி தன் வலது ஷூவை எடுத்து, வலது காலிலேயே மாட்டி, ஒட்டுப்பட்டையை இழுத்து ஒட்டினாள். அறையில் இருந்த இன்னொருவர் அவளைத் தொடவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை.

அந்த இன்னொருவர் அவளுடைய தெரபிஸ்ட். பதினான்கு ஆண்டுகளாக இதே வேலை. முன்னால் இருந்த தாளில் பதினாறு வரிகள் இருந்தன: ஷூ மாட்டுவது, சட்டைப் பொத்தான் போடுவது, சாப்பாட்டு டப்பாவைத் திறப்பது, பை ஜிப்பை மூடுவது, கட்டத்தைப் பார்த்து வரைவது என்று, ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் யார் துணையும் இல்லாமல் ஒரு காலைப்பொழுதைக் கடத்துவதற்குத் தேவையான பதினாறு வேலைகள். ஷூ வரிக்கு நேரே தெரபிஸ்ட் ஒரு டிக் போட்டார். அது அன்றைய பதின்மூன்றாவது டிக்.

சிறுமியைத் தும்பி என்று கூப்பிடுவார்கள். சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளும் தோளருகே படபடக்கும். அதனால் வந்த பெயர். "சர்ட்டிஃபிகேட்ல வேற பேரு இருக்கு. அதை அரசாங்கம் மட்டும்தான் கூப்பிடும்" என்பார் அப்பா. தும்பி உட்கார்ந்தது பதினான்காவது மாதத்தில். நடந்தது இரண்டரை வயதில். முதல் சொல் நான்கு வயதில் வந்தது. அது 'போலாம்'. இந்த அறைக்கு வரத் தொடங்கிய முதல் நாள், வாசலில் நின்று அதைத்தான் இருபது முறை சொன்னாள்.

அறை குழந்தைகளின் அளவுக்குச் சுருக்கப்பட்டது. முழங்கால் உயர மேசை. கால் ஊன்றிக்கொள்ளப் பலகை வைத்த நாற்காலி. கூரைக் கொக்கியில் தொங்கும் துணி ஊஞ்சல், கை விட்டு அளையப் பயறு நிரப்பிய தொட்டி. ஒரு சுவரில் பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, பின்னால் இருக்கும் ஒடுக்கமான அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஜன்னல். அங்கே இரண்டு நாற்காலிகளும் ஒரு ஒலிபெருக்கியும் உண்டு. இரண்டு ஆண்டுகளாக, திங்களும் வியாழனும், அந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் தும்பியின் அம்மா உட்கார்ந்திருந்தார். அன்று அவர் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இருப்பு எடுக்கும் நாள். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அப்பாவின் வண்டி பட்டறையில் இருந்தது. அதனால் அப்பா வந்தார். முதல் முறை.

உள்ளே வரும்போதே கேட்டார்.

"போர்டைப் பாத்தேன் மேடம். ஆக்குபேஷனல் தெரபின்னு போட்டிருக்கு. ஆறு வயசுல என்ன ஆக்குபேஷன்? எனக்கே இன்னும் சரியா ஒண்ணு அமையல."

"சட்டை போடுறது, சாப்பிடுறது, விளையாடுறது. இப்போதைக்கு அதுதான் சார் அவ உத்தியோகம்."

"லீவு கிடையாது போல."

"சம்பளமும் கிடையாது" என்றார் தெரபிஸ்ட்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சொந்தமாக ஒரு வண்டி. அதன் கூரையில் 'பயிற்சி' என்று எழுதிய மஞ்சள் பலகை.

வகுப்பு முடிந்து தும்பி ஊஞ்சலில் சுருண்டுகொண்டாள். அப்பா பின்னறையிலிருந்து வந்து கதவருகே நின்றார். ஏதோ சொல்ல நினைத்து, பயறுத் தொட்டிக்குள் விரலை விட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க சார்."

"நான் சொல்லிக்கொடுக்கிற வண்டியில எனக்கும் ஒரு பிரேக் உண்டு. இடது பக்கம், என் காலுக்குக் கீழ. ஆபத்துன்னா மிதிக்க. ஆரம்பத்துல என்கிட்ட கத்துக்கிட்டவங்க எல்லாம் என் வண்டியில பிரமாதமா ஓட்டுவாங்க. டெஸ்டுக்குப் போவாங்க, நேரா கொண்டுபோய் கம்பத்துல விடுவாங்க. ஏன்னே தெரியல. ராசி இல்லாத ஆளுன்னு பேரே வந்துருச்சு. ஒரு நாள் செருப்பைக் கழட்டும்போது பாக்கிறேன், வலது செருப்பு மட்டும் முன்பக்கம் வழவழன்னு தேஞ்சிருக்கு."

"ம்."

"வளைவு வந்தா மிதிச்சது அவங்க இல்ல. நான். எனக்கே தெரியாம." அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். "நீங்களும் மிதிக்கிறீங்க மேடம்."

தெரபிஸ்ட் சிரித்தார். "என்கிட்ட பெடல் எதுவும் இல்லையே சார்."

"தோள்ல இருக்கு. இடது தோள். பிள்ளை கை தப்பான இடத்துக்குப் போனா அது இம்மி அளவு ஏறுது, மூச்சும் நிக்குது. சரியான இடத்துக்குக் கை வந்ததும் தோள் இறங்குது. அவ ஷூவைப் பாக்கல மேடம். ரெண்டு ஷூ மேலயும் கையைக் கொண்டுபோறா, எதுல தோள் இறங்குதோ அதை எடுக்கிறா."

பதினான்கு ஆண்டு அனுபவம் உள்ள ஒருவரிடம், பின்னறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது. தெரபிஸ்ட் அதைச் சொல்லவில்லை. ஆனால் குரல் கொஞ்சம் இறுகியது.

"சரி, பாத்துடலாம்."

தும்பியை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்து, ஷூக்களைக் கழற்றி, மேசைமேல் இரண்டையும் வைத்தார். "வலது ஷூவை எடுத்துப் போடு, தும்பி" என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு நாற்காலி உரசும் ஒலி. தும்பி இறங்கினாள். மேசையைச் சுற்றி வந்து, சுவருக்கும் தெரபிஸ்டின் முழங்காலுக்கும் இடையில் இருந்த சந்தில் உடம்பை நுழைத்து நின்றாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தோளை. ஷூக்கள் அவளுக்குப் பின்னால், மேசைமேல், தொடப்படாமல் இருந்தன.

"போலாம்" என்றாள்.

அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அறையில் ஒரு கேமரா உண்டு. எல்லா வகுப்புகளும் பதிவாகும். அன்று மாலை ஐந்து மணிக்கு, கடைசிக் குழந்தை போன பிறகு, தெரபிஸ்ட் காலைப் பதிவை ஒலி இல்லாமல் போட்டுப் பார்த்தார். தும்பியைப் பார்க்கவில்லை. தன்னை மட்டும் பார்த்தார். தன் உடம்பை இவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருக்கும் ஒரு பெண்மணி திரையில் தெரிந்தார். உதவி செய்யாமல் இருப்பதில் கொஞ்சம் பெருமை இருப்பதுகூட முகத்தில் தெரிந்தது. தும்பி முப்பத்து நான்கு முறை சரியான பொருளையோ சரியான பக்கத்தையோ தேர்ந்தெடுத்திருந்தாள். இருபத்தொன்பது முறை தோள் முதலில் இறங்கியது, கை பிறகு.

ஒரு வாரத்துக்கு முன், பிப்ரவரி 10 அன்று, தும்பிக்காக விண்ணப்பித்திருந்த பள்ளிக்கு அவர் ஒரு அறிக்கையை அனுப்பியிருந்தார். அந்தப் பள்ளியின் முதலாம் வகுப்பில், வளர்ச்சித் தாமதம் உள்ள ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். விண்ணப்பம் ஏழு. சிகிச்சை மையத்தின் அறிக்கையைப் பார்த்துப் பட்டியல் போடுவார்கள். ஏப்ரல் 8 அன்று அவர்களுடைய மதிப்பீட்டாளர், பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு, இதே பதினாறு வேலைகளைச் செய்யச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். குறைந்தது பத்து செய்ய வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் தனிக்கட்டடத்தில் நடக்கும் முன்தயாரிப்பு வகுப்பு. அதில் பல பிள்ளைகள் பத்து வயதுவரை இருக்கிறார்கள். அறிக்கையில் தெரபிஸ்ட் எழுதியிருந்தது: 'பதினாறில் பதின்மூன்றைத் தானாகச் செய்கிறாள்.' ஏழு விண்ணப்பங்களில் தும்பியின் பெயர்தான் முதலில் இருந்தது. தும்பியின் அம்மா ஜூன் மாதத்திலிருந்து பிற்பகல் வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டார், காலையில் பள்ளியில் விடுவதற்காக.

மறுநாள் மையத்தின் இயக்குநரிடம் தெரபிஸ்ட் விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்காகவா இவ்வளவு சோகமா உக்காந்திருக்கீங்க?" என்றார் இயக்குநர். "பொய் எழுதலையே. பாத்ததை எழுதினீங்க."

"பாத்தது தப்பு."

"சரி. அங்க போய் அவ செய்யலேன்னா புது இடம், பயந்துட்டான்னு அவங்களே எழுதிக்குவாங்க. செஞ்சா நல்லது. நீங்க ஏன் நடுவுல போய் நிக்கிறீங்க?"

"அங்க இருக்கிறவங்களும் மனுஷங்கதான். அவங்களுக்கும் தோள் இருக்கும். அவங்களைப் படிச்சு இவ பத்து வாங்கிடலாம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"வாங்கிட்டு ஜூன்ல நாப்பது பிள்ளைங்களோட உக்காருவா. அங்க தோளைப் பாத்துச் செய்ய, அவளுக்கு எதிர்ல யார் உக்காந்திருப்பா?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திருத்தி அனுப்பணும்னா அனுப்புங்க. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

வியாழக்கிழமை அம்மா, அப்பா இருவரும் வந்தார்கள். தெரபிஸ்ட், தன் தோள் தும்பியின் கண்ணில் படாதபடி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, பதினாறையும் மறுபடி செய்யச் சொல்லியிருந்தார். நான்கு வந்தது. அந்தத் தாளைத்தான் மேசைமேல் வைத்தார்.

"பதிமூணு எப்படி மேடம் நாலாகும்?" என்றார் அம்மா. "மூணு நாள்லயா?"

தெரபிஸ்ட் விளக்கினார். அம்மா பாதியிலேயே கணவர் பக்கம் திரும்பிவிட்டார்.

"ரெண்டு வருஷமா நான் வர்றேன். நீங்க ஒரு நாள் வந்தீங்க. ஒரே நாள். வந்த அன்னிக்கே கவுத்துட்டீங்களே."

"கண்ணுல பட்டதைச் சொன்னேம்மா."

"பிள்ளையைக் கூட்டிட்டு வந்தீங்களா, லைசென்ஸ் குடுக்க வந்தீங்களா?"

"நானும் அதையேதான் வீட்ல செய்றேன். நீயும் செய்ற. நீ புருவத்தைத் தூக்குற. நம்ம வீட்ல மூணு பேருக்கு ரெண்டு பிரேக்கு."

"என் புருவத்தைப் பத்தி இப்ப பேச வேணாம்."

தும்பி கீழே உட்கார்ந்து, பயறை ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். குரல்கள் உயர்ந்தபோது நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் அப்பாவை, அப்புறம் தெரபிஸ்டை. மூன்று முகங்களையும் வரிசையாக. பிறகு பயறுக்குத் திரும்பினாள்.

அம்மா அதைப் பார்த்தார். குரல் தணிந்தது.

"மேடம், நான் ஒண்ணு கேக்கிறேன். முகம் பாத்து நடந்துக்கிறது தப்பா? கடையில நான் எங்க முதலாளி முகத்தைப் பாத்துத்தான் பேசலாமா வேணாமான்னே முடிவு பண்றேன். உலகத்துல யார் மேடம் முகம் பாக்காம வேலை செய்றா? இவ மொத மொத இங்க வந்தப்ப யாரையும் நிமிர்ந்து பாக்க மாட்டா. என்னையே பாக்க மாட்டா. நான் கூப்பிட்டா ஃபேனைப் பாப்பா. இன்னிக்கு உங்க தோள் எப்ப ஏறுது, எப்ப இறங்குதுன்னு படிச்சு வெச்சிருக்கா. உங்களுக்கே தெரியாத விஷயம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்கு மார்க் கிடையாதா?"

தெரபிஸ்ட் எழுந்து அலமாரியிலிருந்து தும்பியின் பழைய ஃபைலை எடுத்தார். இரண்டு ஆண்டுக்கு முந்தைய முதல் பக்கம், அவருடைய கையெழுத்து: 'பிறர் முகத்தைப் பார்ப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை.' அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்கத் தொடங்கிய நாள் எது என்று அவர் எங்கும் குறித்துவைத்திருக்கவில்லை. பொத்தானையும் ஜிப்பையும் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அது நடந்திருக்கிறது.

"மார்க் இருக்கணும்" என்றார். "அந்தத் தாள்ல அதுக்கு வரி இல்லை."

"அப்ப நீங்க ஒரு வரி சேருங்க."

"சேக்கிறேன்."

"சேத்தா சீட்டு கிடைக்குமா?"

"தெரியாது."

"இல்லைங்கிறதைத்தான் தெரியாதுன்னு சொல்றீங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா தும்பியின் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "எழுதுங்க. நான் வேணாம்னு சொன்னா எழுதாம இருந்துடுவீங்களா என்ன?"

திருத்திய அறிக்கை பிப்ரவரி 21 அன்று போனது. 'யாருடைய முகமும் தெரியாத நிலையில் நான்கு வேலைகள். எதிரில் இருப்பவரின் ஜாடை தெரிந்தால் பதின்மூன்று. முந்தைய அறிக்கையின் பிழை என்னுடையது.' கீழே, எண் இல்லாத ஒரு பதினேழாவது வரி: 'மற்றவரின் முகக்குறிப்பை மிக நுட்பமாகக் கவனித்துப் பயன்படுத்துகிறாள். இது இரண்டு ஆண்டுகளில் ஏற்பட்ட முன்னேற்றம்.' பள்ளியிலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது. தும்பியின் பெயர் முதலிடத்திலிருந்து ஆறாம் இடத்துக்குப் போயிருந்தது, மதிப்பீட்டுக்கு வரலாம்.

ஏழு வாரம்கூட முழுதாக இல்லை.

முதல் இரண்டு வாரங்கள் மோசமாகப் போயின. தெரபிஸ்ட் தும்பிக்குப் பின்னால் உட்கார்ந்தார். உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தும்பி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பெரிய கண்ணாடியில் அவர் உருவம் தெரிவதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். கண்ணாடிக்குத் திரை போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் செய்யவில்லை. சாப்பாட்டு டப்பா முன்னால் இருக்கும். அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். அந்த நேரத்தில் தெரபிஸ்டுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: சும்மா இருப்பது. பதினான்கு ஆண்டுகளில் அதைத்தான் செய்துகொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார்.

மார்ச் 6 அன்று, ஏழாவது நிமிடத்தில், தும்பி கன்னத்தை எடுத்துவிட்டு டப்பாவை இரண்டு கைகளாலும் பிடித்து, தலைகீழாகக் கவிழ்த்து, மூடியை இழுத்தாள். உள்ளே இருந்த பிஸ்கட் முழுக்கத் தரையில் சிதறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றாள். அது திறந்ததா, கொட்டியதா என்று தாளில் எப்படிக் குறிப்பது என்று தெரியாமல் தெரபிஸ்ட் ஒரு நட்சத்திரம் போட்டார்.

வீட்டில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று சொல்லிக்கொடுப்பதாகவும், அதனால் கழுத்து பிடித்துக்கொண்டதாகவும் அப்பா தெரிவித்தார். "என்கிட்டயும் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் பேசுறா. அது தெரபி கணக்குல வருமான்னு தெரியல."

விடை தெரியாத ஒரு ஆள் வேண்டும் என்று தெரபிஸ்ட் நினைத்தார். விடை தெரிந்த யாரும் ஜாடை காட்டாமல் இருக்க முடியாது என்பது இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னதும் அப்பா உற்சாகமானார்.

"ஒருத்தர் இருக்காரு மேடம். என்கிட்ட ஓட்டக் கத்துக்கிறார். பேங்க்ல இருந்து ரிடையர் ஆனவர். நாலு தடவை டெஸ்டுல போயிருச்சு."

"அவர் எதுக்கு?"

"அவருக்கு கிளட்ச் எந்தக் கால்ல இருக்குன்னே இன்னும் தெரியாது. அவர் முகத்துல எந்த ஜாடையைத் தேடினாலும் கிடைக்காது."

அவர் அடுத்த திங்கட்கிழமை தேய்த்த சட்டையுடன் வந்தார். குட்டி நாற்காலியில் உட்கார முடியாமல், தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். தெரபிஸ்ட் தந்த சீட்டுகளை, கையெழுத்து சரிபார்ப்பவர்போல ஒவ்வொன்றாக உயர்த்திப் பிடித்து வாசித்தார். "வட்டத்தை வட்டக் குழியில் போடு. அப்படின்னு போட்டிருக்கு."

குழிப் பலகை அவருக்குத் தெரியாதபடி ஓர் அட்டைத் தடுப்பின் மறுபக்கம் இருந்தது. தும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் அவளை அதே அளவு குழப்பத்துடன் பார்த்தார்.

"என்னை ஏம்மா பாக்கிற? எனக்கு அங்க என்ன இருக்குன்னே தெரியலயே."

தும்பி காத்திருந்தாள். அவர் மூக்கைச் சொறிந்தார். அவள் கை முக்கோணத்துக்குப் போய், மூக்குச் சொறிதலில் எந்தத் தகவலும் இல்லை என்று புரிந்ததுபோல் நின்றது. அவள் பலகையைப் பார்த்தாள். பலகையை மட்டும். வட்டம் வட்டத்தில் விழுந்தது.

"போட்டுட்டியா? சரியா?" என்று கேட்டார் அவர். தும்பியின் கைகள் தோளருகே படபடத்தன.

மார்ச் கடைசியில் எண்ணிக்கை எட்டுக்கு வந்தது. ஏப்ரல் 3 அன்று ஒரு முறை பத்து. ஆனால் நேரம் ஒரே மாதிரி இல்லை. சில வேலைகளுக்கு முன்னால் அவள் இன்னும் நின்று காத்தாள், யாருக்காகவோ. அந்தக் காத்திருப்பு சில நாள் இருபது விநாடி, சில நாள் மூன்று நிமிடம். இதற்கிடையில் தெரபிஸ்ட் தன்னிடம் வரும் மற்றப் பதினோரு குழந்தைகளின் பதிவுகளையும் ஒலி இல்லாமல் பார்த்தார். இரண்டு பேரிடம் இதே கதை. மூன்றாவது பிள்ளையின் விஷயத்தில் அவரால் முடிவுக்கு வர முடியவில்லை. மூன்று குடும்பங்களுக்கும் தொலைபேசியில் சொன்னார். ஒரு குடும்பம் வேறு மையத்துக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை. பள்ளியின் தாழ்வாரத்தில் நீள இருக்கையில் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். தெரபிஸ்ட் வர அனுமதி இல்லை; அவர் மையத்தில் வேறொரு குழந்தைக்கு ஊஞ்சல் ஆட்டிக்கொண்டிருந்தார். முதலில் உள்ளே போன பையனின் அறைக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. மதிப்பீட்டாளர் நடுவயதுப் பெண், கலகலப்பான குரல். "அட, கெட்டிக்காரா!", "ஆங், அதேதான்!" என்று அவர் சொல்வதெல்லாம் தாழ்வாரம்வரை கேட்டது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் ஒரு மாதமாக இல்லாத தெளிவு வந்தது.

தும்பியைக் கூப்பிட்டபோது கதவு சாத்தப்பட்டது. ஐம்பது நிமிடம். உள்ளேயிருந்து எந்தக் குரலும் கேட்கவில்லை.

ஏப்ரல் 16 அன்று முடிவு தபாலில் வந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு, வகுப்பு இல்லாத நாளில், தனியாக மையத்துக்கு வந்தார். உட்காரவில்லை. தாளை மேசைமேல் வைத்தார்.

இரண்டு நிமிடத்துக்குள் செய்தவை ஒன்பது. நேரம் கடந்து, ஆனால் தானாகவே செய்தவை மூன்று: பொத்தானுக்கு மூன்று நிமிடம் நாற்பது விநாடி, கட்டம் வரைய மூன்று நிமிடம், டப்பாவுக்கு இரண்டு நிமிடம் பத்து விநாடி. அவை கணக்கில் சேரவில்லை. கீழே மதிப்பீட்டாளரின் குறிப்பு இருந்தது. 'சிகிச்சையாளரின் திருத்திய அறிக்கையைப் படித்திருந்ததால், நான் முகக்கவசம் அணிந்து, குழந்தையின் பார்வைக்குப் படாமல் பக்கவாட்டில் அமர்ந்தேன். உற்சாகப்படுத்தும் சொற்களைத் தவிர்த்தேன். மற்ற விண்ணப்பதாரர்களுக்கு இவ்வாறு செய்யவில்லை.'

"மத்த பிள்ளைங்களுக்குச் சிரிச்சிருக்காங்க" என்றார் அம்மா. "நானே கேட்டேன், காதால."

"ஆமா."

"என் பிள்ளைக்கு மட்டும் மூஞ்சியை மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீங்க எழுதினதால."

"ஆமா."

"பத்து விநாடி மேடம். டப்பாவுக்குப் பத்து விநாடி."

தெரபிஸ்ட் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமாதானமாகச் சொல்லச் சில வாக்கியங்கள் அவரிடம் இருந்தன. பன்னிரண்டு வேலைகளை யாருடைய துணையும் இல்லாமல் செய்திருக்கிறாள் என்பது அவற்றில் ஒன்று. அது உண்மையும்கூட. அதை அவர் அப்போது சொல்லவில்லை.

"நான் பள்ளிக்கு எழுதிக் கேக்கிறேன்" என்றார்.

"கேளுங்க" என்றார் அம்மா. தாளை மடித்துப் பையில் வைத்தார். வாசல்வரை போய் நின்றார். "பொத்தான் போட்டாளாமா? மேல் பொத்தானா, கீழ் பொத்தானா?"

"தாள்ல போடல."

"வீட்ல மேல் பொத்தான்தான் அவளுக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரபிஸ்ட் ஏப்ரல் 18 அன்று பள்ளிக்குக் கடிதம் எழுதினார். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே முறையில் மதிப்பிட வேண்டும் என்று கேட்டார். மே 2 அன்று பதில் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து மதிப்பீட்டாளர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முகக்கவசம் அணிவார் என்றும், இந்த ஆண்டின் முடிவில் மாற்றமில்லை என்றும் அதில் இருந்தது. இடம் பதினொரு வேலைகள் செய்த ஒரு பையனுக்குக் கிடைத்தது.

திங்கள், வியாழன் வகுப்புகள் தொடர்ந்தன. மே மாதம் முழுவதும் தும்பியை அப்பா அழைத்து வந்தார். அம்மா ஜூனுக்குக் கேட்டு வாங்கியிருந்த பிற்பகல் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காலை வேலையிலேயே இருந்துகொண்டார். ஜூன் 9 அன்று தும்பி முன்தயாரிப்பு வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள். வாரம் ஐந்து நாள், காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை. அடுத்த மதிப்பீடு ஏப்ரலில்.